வழித்துவிட்ட தெரு

சமவெளியின் நடுவே போகும் நெடுஞ்சாலையோரம் குடியிருந்து, அதிலேயே பனி வழிக்கும் லொறி ஓட்டிய கனகலிங்கம் இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். தனித்துப்போன மனைவி கமலநாயகியைத் தன்னோடு ஹம்பேர்க் நகருக்குக் கூட்டிப்போக மகள் தர்மிகா காரில் வந்திருந்தாள்.

“அவர் இருந்த வீட்டை விட்டிட்டு வர ஏலாது, பிள்ளை” என்று அழுதாள் கமலநாயகி.

விடிந்தபோது எங்கும் முழங்காலளவு பனி. ஆனால் அவர்கள் வாசலிலிருந்து ஹம்பேர்க் பக்கமாக மட்டும் பனி வழிக்கப்பட்டுத் தார் கறுப்பாகத் தெரிந்தது.

தர்மிகா அப்பாவோடு வேலை செய்தவருக்குப் போன் எடுத்தாள். லொறி பழுது, பனி வழிக்க இன்னும் ஒருவரும் வெளிக்கிடவில்லை என்றார் அவர்.

கமலநாயகி வெகுநேரம் தெருவையே பார்த்தாள். பிறகு குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

“வெளிக்கிடு பிள்ளை. அப்பா போகச் சொல்லுறார்.”

கார் புறப்பட்டுச் சற்றுத் தூரம் போனதும் கமலநாயகி திரும்பிப் பார்த்தாள். பின்னால் தெரு முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. கார் வந்த தடம்கூட இல்லை.