ஏழாம் எண் சுருட்டு

ஏழாம் எண் சுருட்டைக் கையில் எடுத்ததுமே, தொழிற்சாலையில் சுருட்டுகளைச் சோதிக்கும் மூக்கருக்குத் தெரிந்துவிட்டது, அது தன் பெண்டாட்டி சுற்றியது என்று.

யார் சுற்றியது என்பது சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் பெயரை மறைத்து எண் ஒட்டுகிறார்கள். ஆனால் சுருட்டின் தலையில் தொப்பி என்கிற சின்ன இலைத்துண்டை ஒட்டியதும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தும் பழக்கம் அந்தத் தொழிற்சாலையில் ஒருத்திக்குத்தான் உண்டு. வீட்டில் இவர் விரலுக்குப் பிளாஸ்திரி போட்டாலும் அதே அழுத்துதான். வெட்டுக்காயத்தைவிட அதுதான் வலிக்கும்.

"தும்மல் வருது சார், சீக்கிரம்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர். புகை ஒத்துக்கொள்ளாத உடம்பு அவருக்கு. அப்படிப்பட்டவரைத்தான் சுருட்டுக் கம்பெனிக்கு மேனேஜராகப் போடுவார்கள்.

இந்தச் சுருட்டு தேறினால் அவள் கடல் தாண்டிப் புதுத் தொழிற்சாலைக்கு மேற்பார்வையாளராகப் போவாள். இரண்டு வருடம். தோற்றால் மறு தேர்வு அடுத்த வருடம்தான்.

போன வாரம் அவள் விஷயத்தைச் சொன்னபோது மூக்கர், "போறதுன்னா போ," என்றார். பெருந்தன்மையாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு வரும். தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வரும்.

அவள் போகக்கூடாது என்றுதான் அவருக்கு. அதைச் சொல்லத்தான் வாய் இல்லை. இருந்த வாயையெல்லாம் சுருட்டுக்கே கொடுத்துவிட்டார்.

இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, தலையிலிருந்து நுனிவரை மெல்ல அமுக்கிப் பார்த்தார். மேலிலை நரம்பு தெரியாமல், இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கெட்டி. அவள் கைக்கு அது புதுசு. விரல் அங்கே ஒரு நொடி நின்றது. அப்புறம் நகர்ந்தது.

தலையை வெட்டி, பற்றவைக்காமல் ஒரு இழுப்பு. காற்று தடையில்லாமல் வந்தது.

பற்றவைத்தார். முதலில் மிளகுக் காரம். பின்னாலேயே வறுத்த காப்பிக்கொட்டை. அதற்கும் பின்னால் தோல் வாசம். 'தோல்' என்பது தொழில்மொழி. பழைய செருப்புக்கடை என்று எழுதினால் பணக்காரர்கள் வாங்க மாட்டார்கள். சாம்பல் வெள்ளையாக, பென்ஷன் நெருங்கிய உத்தியோகஸ்தர்போல் இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நல்ல சுருட்டு. ஏதாவது குறை தேறுமா என்று மூக்கர் இன்னொரு இழுப்பு இழுத்தார்.

அப்போதுதான் நெருப்பு சாயத் தொடங்கியது.

ஒரு பக்கம் வேகமாக ஓடியது. கெட்டியாக இருந்த பக்கம் பின்தங்கியது. இந்தத் தேர்வில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், கோணலாக எரிவதை மன்னிக்க மாட்டார்கள்.

சுருட்டை உயர்த்திக் காட்டினால் போதும். அவள் இங்கேயே இருப்பாள். பொய்கூடச் சொல்ல வேண்டாம். மூக்கரின் வாழ்க்கையில் நேர்மையும் சுயநலமும் ஒரே பக்கம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

மேனேஜர் கைக்குட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தார்.

மூக்கர் சுருட்டை விரல்களுக்குள் உருட்டினார். பின்தங்கிய பக்கம் அடியில் வந்தது. அடியில் இருக்கும் பக்கம்தான் சீக்கிரம் எரியும். எந்தச் சுருட்டுக்கும் அவர் செய்யாத உபகாரம் அது. வேறு யாராவது செய்திருந்தால் புகார் எழுதியிருப்பார்.

மெதுவாக ஒரு இழுப்பு. பொறுத்து இன்னொன்று. பின்தங்கியது ஓடிவந்து மற்றதைப் பிடித்துக்கொண்டது.

மேனேஜர் மூக்கைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "எப்படி சார் எரியுது?"

"நேரா எரியுது," என்றார் மூக்கர். "ஒரு குறையும் இல்லை. அனுப்பலாம்."

கடைசி வார்த்தை மட்டும் கசந்தது. அதை அவர் சுருட்டின் கணக்கில் சேர்க்கவில்லை.

சாயங்காலம் கை கழுவும் தொட்டியருகே அவள் விரல்களில் ஒட்டிய பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் அவளிடம் போயிருந்தது. மூக்கர் பக்கத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. அதில் என்றைக்குமே வராது என்று அவருக்கும் தெரியும்.

"ஏங்க."

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஒரு பக்கம் இலையை வேணும்னேதான் திணிச்சு வச்சேன். உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"தொட்டப்பவே தெரிஞ்சுது. எதுக்கு அப்படிப் பண்ணின?"

"ஒழுங்கா சுத்திக் குடுத்தா யார் வேணும்னாலும் பாஸ் போடுவாங்க." அவள் குழாயை மூடினாள். "நீங்க அதைப் புடிச்சுக்கிட்டு என்னை நிறுத்தியிருந்தா, அடுத்த வருஷம் ஒழுங்கா சுத்திக் குடுத்துட்டு நான் தனியா போயிருப்பேன். திரும்பி வந்திருப்பேனான்னு கேக்காதீங்க."

மூக்கர் வராத குழாயை மெனக்கெட்டு மூடினார்.

"இப்போ?"

அவள் ஈரக் கையை அவர் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"இப்போ மேனேஜர்கிட்ட அங்கே ரெண்டு பேர் இருக்கிற மாதிரி வீடு கேட்டிருக்கேன்."