லீவு நாள் பஸ்

"வாரத்துல ஆறு நாள் பஸ் ஓட்டறீங்க. ஏழாவது நாளும் பஸ்லயே போறீங்களாமே மச்சான்? அதுவும் டிக்கெட் எடுத்து?"

கேட்டவர் தங்கையின் கணவர். மாட்டிக்கொண்டவர் பஸ் டிரைவர்.

"ஆமா மாப்ளே. அணைக்கட்டு வரைக்கும் போய்ட்டு வருவேன்."

"அங்க என்ன இருக்கு?"

"தண்ணி இருக்கு."

"அது எங்க வீட்டுக் குழாய்லயே வருதே!" மாப்பிள்ளை தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரோடு மட்டும்தான் தெரியும் மாப்ளே. ஜன்னலோரம் உட்கார்ந்தாத்தான் ஊரே தெரியுது."

"சரி, குடும்பத்துக்கே இலவச பாஸ் இருக்கே. அப்புறம் எதுக்கு டிக்கெட்?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். டீ கொண்டுவந்த தங்கை வேறெங்கோ பார்த்தாள்.

"என்னமோ... ஒரு சந்தோஷம்."

"சந்தோஷம்னா இது!"

மாப்பிள்ளை சோபாவைத் தட்டிக் காட்டினார். சத்தம் கேட்டது பிளாஸ்டிக் உறையிலிருந்து. வாங்கி எட்டு மாதமாகியும் உறையைப் பிரிக்கவில்லை. அழுக்காகிவிடுமாம். அதனால் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, சோபாவைத் தரிசித்தபடி டீ குடித்தார்கள்.

"காசு போட்டா அது பொருளா நிக்கணும். காத்து வாங்கறதுக்கெல்லாம் யாராவது காசு குடுப்பாங்களா? என் பெண்டாட்டியைப் பாருங்க. திரைச்சீலை தைச்சு சம்பாதிக்கிறா. ஒரு பைசா வீணாக்க மாட்டா. ஞாயித்துக்கிழமைகூட உங்க வீட்டுக்கு வந்து அண்ணிக்கு ஒத்தாசையா இருக்கா. நீங்களும் இருக்கீங்களே!"

டிரைவர் சூடு பார்க்காமல் டீயைக் குடித்து முடித்தார்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் நண்பரைப் பார்த்தே ஆக வேண்டும். தலையெழுத்தே என்று பஸ்ஸில் ஏறினார்.

மூன்றாவது வரிசையில் மச்சானும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களுக்கு முன் சீட்டில், ஜன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்து, முடி பறக்க, ஒருத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியொரு சிரிப்பை அவர் வீட்டில் கேட்டதே இல்லை. அதனால் அது தன் மனைவிதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவளும் பார்த்துவிட்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

டிரைவர் பதறி எழுந்தார். "மாப்ளே, நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன். எல்லாம் என் செலவுதான். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அதற்குள் கண்டக்டர் வந்து நின்றார். மாப்பிள்ளை பர்ஸைத் தேடும் முன் அவள் கைப்பையைத் திறந்தாள்.

"எனக்காக நீ பேச்சு வாங்கினது போதும்ண்ணா," என்றவள் கண்டக்டரிடம் பணத்தை நீட்டினாள். "நாலு டிக்கெட் குடுங்க."

கண்டக்டர் ஆச்சரியமாகக் கேட்டார்:

"என்னம்மா, வாராவாரம் மூணுதானே எடுப்பீங்க?"