ஹியூபேட்டின் வோர்னிங்குகள்

"இந்த வோர்னிங் எல்லாம் என்னத்துக்கு? ஒண்டும் மறைக்காமச் செல்லணும்," என்றார் இன்ஸ்பெக்டர் மக்கீன்.

ஹியூபேட் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். விடிந்தால் கொட்டாஞ்சேனைக் கோயிலில் செலீனுக்கும் அவனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளையோ வெள்ளவத்தையில் பிடிபட்டு, பொலிஸ் கதிரையில் குந்தியிருக்கிறான்.

எல்லாம் அந்தக் கடதாசிக் கட்டால் வந்த வினை. கம்பனிக்கு எழுதிய கொம்பியூட்டர் புரோகிராமின் பிழைகளை வீட்டில் பார்க்கலாமென்று அச்சடித்துக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்கு முதல்நாளும் வேலையைக் காவித் திரிகிற மடையன்!

செக்பொயின்டில் நின்ற கொன்ஸ்தாபிளுக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே சொல் 'வோர்னிங்', அதாவது எச்சரிக்கை. அது பக்கத்துக்குப் பக்கம் கிடந்தது. குண்டு மிரட்டலேதான் என்று முடிவுகட்டி, ஆளையும் கடதாசிக் கட்டையும் ஜீப்பில் ஏற்றிவிட்டான்.

மக்கீன் கொன்ஸ்தாபிளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அடையாள அட்டையைத் தொடவேயில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு, "ம்... வெளக்கமாச் செல்லுங்க," என்றார்.

"சேர், இது குண்டுமில்லை கிண்டுமில்லை. நாங்கள் எழுதிற புரோகிராமை மெஷினுக்கு விளங்கிற மாதிரி மாத்திறது கொம்பைலர். அதுதான் வோர்னிங் தருது. முழு எண் போடுற இடத்தில தசம எண்ணைப் போட்டால், அது தன்ர பாட்டில முழு எண்ணா மாத்திப்போடும். புள்ளிக்குப் பின்னால உள்ளது போச்சு!"

"புரோகிராம் ஓட முந்தியே அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"எண் எவ்வளவெண்டு பாக்காது சேர். ரெண்டு பக்கமும் என்ன வகையெண்டு மட்டும்தான் பாக்கும். முழு எண்ணையும் தசமத்தையும் கூட்டினால் வாறது தசமம். அதை வாங்கிற பக்கம் முழு எண்ணெண்டால் உடனே கத்தும். செக்பொயின்டில ஆள் நல்லவனோ கெட்டவனோ எண்டு பாக்காமல், தமிழ்ப் பேரெண்டாலே நீங்கள் மறிக்கிற மாதிரித்தான்..."

ஐயோ! என்ன சொல்லித் தொலைத்தேன் என்று ஹியூபேட் நாக்கைக் கடித்தான். மக்கீன் அவனையே உற்றுப் பார்த்தார்.

"அதெத் திரும்பச் செல்லுங்க."

திரும்பச் சொன்னான். மக்கீன் ஒரு சொல் விடாமல் எழுதினார். சரி, வாக்குமூலம் முடிந்தது, இனி உள்ளேதான் என்று ஹியூபேட்டுக்கு விளங்கிவிட்டது. வெள்ளை உடுப்போடு செலீன் பீடத்தடியில் தனியே நிற்பதை நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சேர், எனக்கு நாளைக்குக் கல்யாணம் சேர்! மாதாவாணை, என்னை விடுங்கோ!"

மக்கீன் பென்சிலை வைத்தார். அவர் முகம் ஹியூபேட்டின் முகத்தைவிடப் பாவமாக இருந்தது.

"எனக்கும் நாளைக்குத்தான் தம்பி, கொம்பியூட்டர் சோதினை. அடுத்த பாடத்தையும் செல்லித் தந்துட்டுப் போங்க."