முதலில் பேச வேண்டியவர்

சிவகாசி பாப்டிஸ்ட் சபையில் எஸ்தரம்மாளின் நினைவுக் கூட்டம் தொடங்க ஐந்து நிமிடமே இருந்தது. சூர்யபிரகாஷ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“நான் பேசல ரெபேக்கா. என்னால முடியாது.”

“நீங்கதான் முதல்ல பேசணும்னு அம்மா எழுதியே வச்சிருக்காக அண்ணே.”

“சனம் என்ன சொல்லும்?”

“அம்மா என்னிக்குச் சனத்துக்குப் பயந்தாக?”

போதகர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். எழுந்துபோய் மைக்கைப் பிடித்தான்.

“நான் ஜெயில்ல கெடந்த ரெண்டு வருசமும் அம்மா வாரந்தவறாம பஸ் ஏறி வருவாக. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, ‘சாப்பிட்டியாய்யா’ன்னு கேப்பாக. அப்புறம் கண்ண மூடி எனக்காக ஜெபம் பண்ணுவாக.”

பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது.

“அவுக ஒரே மகன் தானியேல் செத்தது என் பட்டாசு ஆலையிலதான். அளவுக்கு மேல வெடிமருந்த அடுக்கி வேலை வாங்குனது நான்தான்.”

மைக்கை வைத்துவிட்டு அவன் வாசலைப் பார்த்து நடந்தான்.

தானியேலின் தங்கை ரெபேக்கா எழுந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அம்மாவப் பத்தி இன்னும் சொல்லுங்கண்ணே.”