மாத்தாள்

"தங்கமாரி! வந்திருக்க தம்பிக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டாத்தா."

குருவம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். மணிகண்டராஜ் சட்டென்று அடுப்படி வாசலைப் பார்த்தான்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் தெருமுனைச் சுவரில் ஒரு போஸ்டரைக் கேமராவில் பிடித்திருந்தான். இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி. பட்டாசுக் கம்பெனி விபத்தில் இறந்துபோன நாலு பேர். மூன்றாவது படம் தங்கமாரி, வயது பத்தொன்பது.

"இந்தா வாரேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

செம்போடு வந்தது வேறொரு பெண். போஸ்டரில் இல்லாத முகம். அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

குருவம்மாளுக்கு அது தெரிய வழியில்லை. அதே விபத்தில் அவளுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தன.

"சாப்பிட்டீகளா தம்பி?"

"ஆச்சும்மா."

"அதுவும் நல்லதுதான். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சோறு எறங்காது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மணிகண்டராஜ் விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்களைப் பத்து நிமிடப் படமாக எடுப்பது அவன் வேலை. இந்தக் குருவம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திருத்தங்கலுக்குப் பைக்கில் வந்திருந்தான்.

அந்தப் பெண் குருவம்மாள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். குருவம்மாள் அவள் சடையை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு, சீப்பைப் போட்டாள். வெந்து ஒட்டிப்போன விரல்கள் தலைமுடிக்குள் நிதானமாக ஊர்ந்தன.

"நேத்து ஏன்த்தா லேட்டு?"

"பஸ் வரலம்மா."

கேமராவின் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தான். செத்துப்போன மகளுக்குத் தாய் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகளுடைய தலை அசையவே இல்லை.

தலை பின்னி முடிந்ததும், வெளியே குழாயடியில் அவளைப் பிடித்தான்.

"யாரும்மா நீ?"

"எம் பேரு வேல்விழிண்ணே. மக செத்தது அம்மாவுக்குத் தெரியாது. மூணு மாசம் மதுரை ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் தங்கமாரின்னு கூப்பிட்டுச்சு. தெருவுல ஒருத்தரும் வாயத் தெறக்கல. நாந்தான் 'என்னம்மா'ன்னேன்."

"நீ எதுக்கு?"

வேல்விழி குடத்தைப் பார்த்தபடி பேசினாள். "எங்க கம்பெனியில லீவு போட்டா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாக. எடம் போகாம இருக்கணும்னா நம்மளே ஒரு மாத்தாள உக்கார வச்சுட்டுப் போகணும். வெடிச்ச அன்னைக்கு வெடிமருந்து ரூம்ல எம் முறை. படத்துக்குப் போகணும்னு தங்கமாரிய உக்கார வச்சேன்."

தெருவுக்குப் பின்னால் இருந்த கல்குவாரிக் கிடங்கைப் பார்த்தாள். ஆழமான பள்ளத்தில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது.

"இப்ப நான் அவளுக்கு மாத்தாளு."

"கண்ணு தெரியாத பொம்பளைய ரெண்டு வருசமா ஏமாத்தியிருக்கீங்க. தெருவே சேந்து! இது பாவமில்லையா?"

"அண்ணே, சொல்லிராதீக. காலுல வேணா விழுதேன்."

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் தெரியத்தான போகுது? தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்குமா அந்தம்மா?"

அவள் மறுபடி கிடங்குப் பக்கம் பார்த்தாள். மணிகண்டராஜுக்குப் படத்தின் கடைசிக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. உண்மையைக் கேட்கும் அந்த முகம். அதைவிட நல்ல முடிவு அவன் எடுத்த எந்தப் படத்துக்கும் வாய்த்ததில்லை.

"சரி விடு. முக்குக் கடையில ரெண்டு கலர் சோடா வாங்கிட்டு வா" என்று அவளை அனுப்பிவிட்டு உள்ளே போனான். கேமராவை ஓடவிட்டான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். மனசத் திடப்படுத்திக்கங்க. தங்கமாரி..."

"அந்தப் பொட்டிய அணைங்க தம்பி."

"இல்லம்மா, அது வந்து..."

"கிர்ர்னு ஓடுது. கண்ணுதான் இல்ல எனக்கு."

அணைத்தான்.

"எம் மகளுக்கு ரெட்டைச் சுழி. இவளுக்கு ஒத்தச் சுழி. பதினெட்டு வருசம் பேன் பாத்த கைக்கு மண்டை தெரியாதா? ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே, மொதச் சீப்புலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா இப்படிக் கூப்பிடுறீங்க? உங்களுக்கு அதுல ஒரு ஆறுதலா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. முகத்தை வாசல் பக்கம் திருப்பியிருந்தாள்.

"கடை இந்தா இருக்கு. ஏன் இம்புட்டு நேரம்? அவகிட்ட என்ன சொன்னீக?"

"ஏமாத்துறது பாவம்னு... உங்களுக்குத் தெரிஞ்சா அவ மூஞ்சியில முழிக்க மாட்டீங்கன்னு..."

குருவம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"தங்கமாரி!"

பதில் இல்லை.

"ஏத்தா தங்கமாரி!"

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அவள் கை துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தது. வெந்த விரல்கள் இறுகின. குரல் கிழிய மூன்றாவது தடவை கூப்பிட்டாள்.

"தங்கமாரீ!"

எங்கேயோ தள்ளி, கிடங்குப் பக்கமிருந்து, ஈரமாக ஒரு குரல் வந்தது.

"இந்தா... வாரேம்மா."

பிடி தளர்ந்தது. குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவ கெடங்குல எறங்குறது இதோட மூணு தடவையாச்சு தம்பி. வேல்விழின்னு கூப்பிட்டா அவ கரையேற மாட்டா."