சுதி சேராத கிட்டார்

மூன்றாவது முறையாகப் புதுக் கிட்டாரைக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தார் தபால்காரர்.

"தம்பி, இதை வாசிக்கிறதுக்கு வித்தீங்களா, இல்ல சுவத்துல மாட்டுறதுக்கு வித்தீங்களா?"

கிட்டார் மெக்கானிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

முதல் தடவை, கம்பிகள் கர்கர் என்கின்றன என்று வந்தார். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகி, கம்பிகளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான். இரண்டாம் தடவை, சுதி நிற்கவில்லை என்றார். கம்பி உட்காரும் பள்ளம் புதுசு, அதுதான் கவ்விப் பிடிக்கிறது என்று சொல்லிப் பென்சில் கரியைத் தேய்த்து அனுப்பினான்.

இப்போது வேறு வியாதி. தனியாக வாசித்தால் தேனாக இருக்கிறது. வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தால் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கிறது.

மெக்கானிக் சுதி பார்க்கும் மீட்டரை மாட்டி ஆறு கம்பியையும் தட்டிப் பார்த்தான். ஆறுக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

"கிட்டார் சரியாத்தான் சார் இருக்கு."

"அப்ப எங்க வீட்ல எல்லாருக்கும் காதுல கோளாறா?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இருபது வருஷமாக ஞாயிறுதோறும் வீட்டில் பாட்டுதான். மனைவி கீபோர்டு, மச்சான் பேஸ் கிட்டார், இவர் குரல். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். பழைய குரல் வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீடு திரும்பி முதன்முதலாகப் பாடியபோது உச்சியில் குரல் உடைந்தது. மைக்கை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியவர் மூன்று மாதம் பாடவே இல்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பிறகு மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் வாயைத் திறந்தார். அதே பாட்டு. அதே உச்சி. குரல் அலுங்காமல் குலுங்காமல் அங்கே போய் உட்கார்ந்தது.

"டாக்டருக்கே நான் பாடம் சொல்லலாம் தம்பி" என்று இந்தக் கதையை மெக்கானிக்கிடம் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். குரல் திரும்பிய சந்தோஷத்தில்தான் இந்தக் கிட்டாரை வாங்கினார். அடுத்த மாதம் அவருக்குப் பணி ஓய்வு விழா. மேடையில் வாசித்துக்கொண்டே பாடப்போவதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டிலோ, கிட்டாரை எடுத்தாலே மனைவி, "எதுக்குங்க இந்த வம்பு, பாட்டு மட்டும் பாடுங்களேன்" என்கிறாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

சொன்னபடி வந்தான். மூவரும் வாசித்ததைக் கேட்டான். பிறகு மீட்டரை மச்சானின் பேஸில் மாட்டி ஒரு கம்பியைத் தட்டினான்.

"என்ன சொல்லுது?" என்று எட்டிப் பார்த்தார் தபால்காரர்.

மனைவி சட்டென்று எழுந்தாள். காபி போடட்டுமா தம்பி என்று மெக்கானிக்கிடம் கேட்டாள். மெக்கானிக் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். மீட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உங்க கிட்டார்லதான் சார் கோளாறு. நான் மாட்டின கம்பி சரியில்ல. என் தப்புதான்."

"இதைத்தானே நான் ஒரு மாசமா தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பித்த தபால்காரர், காபி ஆறும்வரை நிறுத்தவில்லை. தொழில் தெரியாதவன் எல்லாம் கடை வைத்தால் இப்படித்தான் என்றுகூடச் சொல்லிவிட்டார். அவன் கொஞ்சம் தடிமனான கம்பிகளை மாட்டினான். மனைவியைக் கீபோர்டு வாசிக்கச் சொல்லி, அதைக் காதால் கேட்டே சுதி சேர்த்தான்.

"இனிமே செல்போன் ஆப்பைப் பாத்து சுதி சேக்காதீங்க சார். அக்கா வாசிக்கிறதைக் கேட்டுச் சேத்துக்குங்க."

வாசித்துப் பார்த்தார்கள். கிட்டார் கூட்டத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. தபால்காரர் உச்சியைத் தொட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மெக்கானிக்கை வழியனுப்ப மனைவியும் மச்சானும் கீழே போனார்கள். தபால்காரர் பழக்கதோஷத்தில் செல்போனை எடுத்து ஒரு கம்பியைத் தட்டினார்.

ஒரு கட்டை குறைவாகக் காட்டியது.

அடுத்ததும் குறைவு. ஆறுமே குறைவு. மறுபடியும் ஏமாற்றிவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. சரிபார்த்துவிடலாம் என்று, அணைக்காமல் விட்டிருந்த கீபோர்டில் விரலை வைத்தார்.

அதுவும் ஒரு கட்டை குறைவு. மச்சானின் பேஸும் அப்படியே.

கீபோர்டின் சின்னத் திரையை எப்போதும் மறைத்துக்கொண்டு நிற்கும் பாட்டு நோட்டை நகர்த்தினார். சுதியை இறக்கி வைத்திருப்பதற்கான எண் அங்கே மினுங்கியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய குரல் பழைய உச்சிக்குப் போகவே இல்லை. உச்சியைத்தான் அவருக்கு எட்டும் உயரத்துக்கு இவர்கள் இறக்கி வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக, ஒரு வார்த்தை சொல்லாமல். இப்படி இரண்டு பேர் வாய்க்க எவ்வளவு கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

மாடிப்படியில் காலடி கேட்டது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"மறுபடியும் சேரலையாங்க?" மனைவியின் குரலில் பயம் இருந்தது.

"கச்சிதமா சேருது" என்றார்.

மறுநாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

"நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி."

"பரவால்ல சார். தப்பு என்மேலதானே?"

"விழாவுக்கு முன்னாடி ஒரு தடவ கொண்டாறேன், துடைச்சுப் பாத்துக் குடுங்க" என்றார் தபால்காரர். "அந்தத் தப்பை மட்டும் சரி பண்ணிடாதீங்க."