பிச்சம்மாள் கால் வைக்கும் இடம்

பழவங்காடிப் பிள்ளையார்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

விழிஞ்ஞத்து உப்புக்காற்றில் நெல்லையப்பனின் அம்பாசடர் காரின் ஷாசி, அதாவது அடித்தகடு, துருவேறி ஓட்டையாகிவிட்டது. அதுவும் முன்சீட்டில் அவர் மனைவி பிச்சம்மாள் கால் வைக்கும் இடத்தில். இடுப்பு முறிந்து நடமாட்டம் நின்றுபோனவளுக்குத் தினம் சாயங்காலம் ஊர் காட்டுவது அந்த வண்டிதான்.

வெல்டிங் மிஷினோடு வீட்டுக்கே வந்த வேலாயுதன் குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இதைப் பழைய இரும்புக்குப் போடுறதாக்கும் நல்லது, கேட்டோ?"

"பொறவு இவளை எதில கூட்டிட்டுப் போவேன்? கனத்த தகடா வச்சு ஒட்டும் வே!"

வாசல் நாற்காலியிலிருந்து பிச்சம்மாள் சொன்னாள்: "நேத்து ஆரல்வாய்மொழியில பஸ்ஸையே முந்திட்டாரு. ஒரு குலுக்கல் இல்ல."

"அப்ப டேங்கை இறக்கிட்டுத்தான் பத்தவைக்கணும். தீப்பொறி பட்டா?"

"அது வேண்டாம்" என்றார் நெல்லையப்பன்.

வேலாயுதன் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். இருந்ததிலேயே கனத்த தகட்டை எடுத்துப் பற்றவைத்தார்.

சாயங்காலம் நெல்லையப்பன் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். அவள் புது ஒட்டில் பாதத்தை ஊன்றிப் பார்த்தாள்.

"உறுதியா இருக்கு. இன்னைக்குச் சுசீந்திரம் போவோம். மெதுவா ஓட்டுங்க, எதிர்ல லாரி வருது."

அந்தக் காரில் என்ஜினும் இல்லை, டேங்கும் இல்லை. வைத்தியச் செலவுக்காகப் போன வருஷம் அவற்றை விற்கச் சொன்னவளே பிச்சம்மாள்தான்.